கணக்குக்கு மிஞ்சி வந்த கூலி

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் இன்று ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான கூலி வந்து சேர்கிறது. தந்தை தறிக்குழியில் இறங்கி நெய்கிறார். அவருடைய கூலி, உருப்படிக்கு இவ்வளவு என்று சங்கத்துப் பாஸ்புத்தகத்தில் பதிவாகிறது. மகனோ மகளோ விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரகடத்துக்கோ போகின்றனர். அவர்களுடைய சம்பளம் மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்த செய்தி கைப்பேசியில் வந்து நிற்கிறது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பூங்காவில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல், இவ்வட்டாரத்து நெசவாளர் குடும்பங்களிலும் குடியானவர் குடும்பங்களிலும் மாதச் சம்பளம் என்பது பழகிப்போன செய்தியாகிவிட்டது. சங்கக் கடனின் தவணைகூட இப்போது பல வீடுகளில் அந்தச் சம்பளத்திலிருந்தே கட்டப்படுகிறது.

சம்பளம் குறைந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. அன்றைக்கே போய்க் கேட்டுவிடுவர். ஆனால் சம்பளம் கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விதான் குடும்பங்களைத் தடுமாறச் செய்கிறது. "அவர்களாகக் கொடுத்தது, நாம் ஏன் வாய் திறக்க வேண்டும்?" என்பார் ஒருவர். "வேலை போய்விடும், உடனே முழுவதையும் கட்டிவிடு" என்று அச்சுறுத்துவார் மற்றொருவர். இவ்விரண்டு யோசனைகளும் தவறானவை என்பதையும், நேர்மைக்கும் வயிற்றுக்கும் ஒருசேரப் பொருந்துகிற ஒரு வழி உண்டு என்பதையும் நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தவறு எவ்வாறு நேர்கிறது?

ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் இடத்தில் தவறு நேர்வது அதிசயமன்று. வருகைப் பதிவை மாதம் முடியுமுன்னரே ஒரு தேதியில் மூடிவிட்டுக் கணக்குப் போடும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. அத்தேதிக்குப் பின் ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், அந்த மாதம் அவருக்கு முழுச் சம்பளமும் வந்துவிடும். இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாறியவருக்கு இரவுப் படி நிறுத்தப்படாமல் தொடரக்கூடும். ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் வழங்கப்படும் நிலுவைத் தொகை இருமுறை சேர்ந்துவிடலாம். ஒரே பெயருடைய இருவரில் ஒருவருடைய ஓவர்டைம் மற்றவர் கணக்கில் ஏறலாம். வேலையை விட்டு நின்றவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் அடுத்த மாதமும் சம்பளம் போய்ச் சேரலாம்.

இயந்திரம் கணக்குப் போட்டால் தவறே வராது என்று எண்ணுவதும் பேதைமை. கனடா நாட்டு மத்திய அரசாங்கம் 2016 பிப்ரவரியில் 'பீனிக்ஸ்' என்னும் புதிய சம்பளக் கணினி முறையைத் தொடங்கியது. பதினாயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வந்தது. சிலருக்கு வராமலே போயிற்று. கூடுதலாகப் பெற்றவர்களிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. செல்வமும் நிர்வாகத் திறமையும் மிக்க ஒரு நாட்டிலேயே இவ்வாறு நேருமாயின், நம் வட்டாரத்து ஒப்பந்தக்காரரின் சிறு அலுவலகத்தில் நேர்வதைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தப் பணம் யாருடையது?

இதில் ஐயத்துக்கு இடமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆவது பிரிவில், தவறுதலாகவோ கட்டாயத்தினாலோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ அவர் திருப்பித் தர வேண்டும் என்று கூறுகிறது. கொடுத்தவருடைய கவனக்குறைவினால் வந்தது என்பதனால் மட்டும் வாங்கியவருக்கு உரிமை பிறந்துவிடாது. தவறி வந்தது என்று அறிந்த பின்னும், நேர்மையற்ற நோக்கத்தோடு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதை 314-ஆவது பிரிவின்கீழ்க் குற்ற வழக்குக்கும் இடந்தரக்கூடும். அறியாமல் செலவழிப்பது வேறு. அறிந்து மறைப்பது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது, நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதமே.

தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 2022-இல் நடந்ததை உலகமே பேசிற்று. உணவுப்பண்ட நிறுவனமொன்றில் மாதம் 5 லட்சம் பெசோ பெற்றுவந்த ஊழியர் ஒருவருக்கு ஒரு மாதம் 16 கோடியே 50 லட்சம் பெசோவுக்கு மேல் வந்துவிட்டது. திருப்பித் தருவதாக வாக்களித்தவர், தராமலே வேலையை விட்டு விலகினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. இது திருட்டு அன்று என்று 2025-இல் நீதிமன்றம் கூறிற்று. எனினும், குற்றமன்று என்பதனால் பணம் அவருடையது என்று ஆகிவிடவில்லை. சிவில் வழக்கின் வழி திறந்தே இருக்கிறது. ஒரு மாதச் சம்பளப் பட்டியலின் பிழை ஒரு மனிதரின் வேலையையும் மூன்றாண்டு நிம்மதியையும் கொண்டுபோனதே இதில் நாம் காணும் பாடம்.

சட்டம் இட்ட வேலி

பணம் முதலாளியுடையது என்பதனால், அவர் நினைத்தபோது நினைத்த அளவு பிடித்துக்கொள்ளலாம் என்று பொருளல்ல. இவ்விடத்தில்தான் தொழிலாளிக்குச் சட்டம் ஒரு வேலி கட்டியிருக்கிறது. அதைப் பலர் அறியார்.

1936-ஆம் ஆண்டின் ஊதியக் கொடுப்புச் சட்டத்திலேயே, மிகையாகக் கொடுத்த ஊதியத்தைச் சரிசெய்யப் பிடித்தம் செய்யலாம் என்ற விதி இருந்தது. ஒரு மாதத்தின் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதிக்கு மேல் போகலாகாது என்ற வரம்பும் இருந்தது. ஆனால் பிடித்தத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செலுத்தும் தொகையும் சேர்ந்திருந்தால் முக்கால் பங்கு வரை பிடிக்கலாம் என்ற விலக்கும் உடன் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இதன் 18-ஆவது பிரிவும் மிகை ஊதியத்தைச் சரிசெய்ய இடந்தருகிறது. ஆனால் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் நூற்றுக்கு 50 என்பதைத் தாண்டலாகாது. வைப்பு நிதி, ஈட்டுறுதி, முன்பணம், மிகை ஊதியம், கூட்டுறவுச் சங்கத் தவணை ஆகிய யாவும் இந்தப் பாதிக்குள்ளேயே அடங்க வேண்டும். சங்கத் தவணைக்கென்று இருந்த முக்கால் பங்கு விலக்கு இப்போது இல்லை. பாதிக்கு மேற்படும் பாக்கியை விதிகளில் கூறிய முறைப்படியே வசூலிக்க வேண்டும்.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. அப்பிரிவில் வட்டி என்ற சொல் முன்பணத்தைச் சார்ந்தே வருகிறது. மிகை ஊதியத்தைச் சரிசெய்வதோடு சேர்த்து வரவில்லை. ஆகவே முதலாளியின் கணக்குப் பிழைக்கு நம்மிடம் வட்டி கேட்டால், எந்த விதியின்படி என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவருடைய மாத ஊதியம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். வைப்பு நிதிக்கு 1,800, தொழிலாளர் ஈட்டுறுதிக்கு 150, சங்கக் கடன் தவணைக்கு 3,000, ஆக 4,950 ரூபாய் ஏற்கெனவே சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. ஊதியத்தில் பாதி 10,000 ரூபாய். ஆகவே மேற்கொண்டு பிடிப்பதற்கு மிஞ்சியிருப்பது 5,050 ரூபாய்தான். நிலுவைத் தொகை இருமுறை சேர்ந்து அவருக்கு 18,000 ரூபாய் மிகையாக வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், அதை ஒரே மாதத்தில் பிடிக்கச் சட்டம் இடந்தராது. உச்ச அளவிலேயே பிடித்தாலும் நான்கு மாதமாகும். அந்நாட்களில் வீட்டுக்கு வருவது, கணக்குத் தீரும் கடைசி மாதம் நீங்கலாக, 10,000 ரூபாய்தான். மாதம் 3,000 வீதம் ஆறு தவணை என்று பேசி முடித்துக்கொண்டால் 12,050 ரூபாய் வீடு வந்து சேரும். அரிசி, பால், பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு அந்த 2,050 ரூபாய் எத்துணைப் பெரிது என்பதை இல்லம் நடத்துவோர் அறிவர்.

இந்த வரம்பு சம்பளத்தில் பிடிப்பதற்கே உரியது. மிகையாக வந்த பணம் கைபடாமல் கணக்கிலேயே இருக்குமாயின், முழுவதையும் ஒரே முறையில் தாமாகத் திருப்பிவிடுவதே எளிது, மேலானது.

சங்கத்தில் கடன் உள்ளவர்கள் அறிய வேண்டுவது

முக்கால் பங்கு என்பது பாதியாகக் குறுகியதில் நம் சங்கங்களுக்கு நேரடியான தொடர்பு உண்டு. முதலாளி தம் மிகைத் தொகையை விரைவில் வசூலிக்க முற்பட்டு அந்தப் பாதியை நிரப்பிவிட்டால், சங்கத் தவணைக்கு இடமில்லாமல் போகும். தவணை தவறும், அபராத வட்டி ஏறும், பொறுப்பேற்ற பிணையாளருக்கு நோட்டீசு போகும். சம்பளப் பட்டியலில் நேர்ந்த ஒரு பிழை, கிராமத்தில் பிணை நின்ற உறவினர் வாசலில் போய் நிற்கும். ஆகவே, மிகை ஊதியத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடனே, அங்கத்தினர் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொல்லுதல் வேண்டும். பிடித்தத்தின் வழியாக வராத தவணையை ரொக்கமாகக் கட்டலாம், அல்லது தவணையை மாற்றியமைக்க விண்ணப்பம் எழுதலாம். வருமுன் சொன்னவனுக்குச் சங்கம் வழி தேடும். வந்தபின் சொன்னவனுக்குப் பேரேடுதான் பதில் சொல்லும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய ஒரு மயக்கம்

"மிகையாகக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று சிலர் துணிந்து கூறுகின்றனர். அது பாதி உண்மை.

பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மாசி என்ற வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து நிலைமைகளைக் குறித்தது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களிடமிருந்து திரும்பப் பெறலாகாது. ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும் பெறலாகாது. வசூல் உத்தரவுக்கு முன் ஐந்தாண்டுகளுக்கு மேலாக மிகைச் சம்பளம் கொடுத்து வந்திருந்தால் பெறலாகாது. தகுதிக்கு மேற்பட்ட பதவியின் வேலையை ஒருவரிடம் தவறாக வாங்கி, அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்திருந்தாலும் பெறலாகாது. இவை தவிர, திரும்பப் பெறுவது மிகக் கொடுமையாக முடியும் என்று நீதிமன்றம் கருதும் பிற நேர்வுகளிலும் பெறலாகாது. சிறு சம்பளக்காரர் தாம் பெற்றதையெல்லாம் குடும்பச் செலவில் கரைத்துவிடுகிறார் என்ற மனிதாபிமானமே இத்தீர்ப்பின் அடிநாதம். கேரளத்தில் 1999-இல் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடமிருந்து மிகைச் சம்பளத்தை வசூலிக்க அரசாங்கம் முனைந்த வழக்கில், 2022 மே 2 அன்று அந்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஊழியரின் வஞ்சகமோ பொய்யான தகவலோ இல்லாதபோது அளிக்கும் நிவாரணம் இது என்று விளக்கவும் செய்தது.

ஆனால் இவை அரசாங்க ஊழியர் தொடர்பான வழக்குகள். தனியார் ஆலையிலோ ஒப்பந்தக்காரரிடமோ வேலை செய்பவர், சென்ற மாதம் வந்த மிகைப் பணத்தைத் தராமலிருக்க இத்தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க எண்ணுவது அறிவுடைமை ஆகாது. அரசாங்க ஊழியருக்குமே இது எல்லா இடத்திலும் உதவாது. மிகையாகப் பெற்றிருந்தால் திருப்பித் தருவேன் என்று முன்னரே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்த நீதித்துறை அதிகாரி ஒருவரிடமிருந்து தொகையைத் திரும்பப் பெறலாம் என்று 2016-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. வேலையில் சேரும்போதும் ஊதிய நிலுவை பெறும்போதும் நீட்டப்படும் தாள்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

செய்ய வேண்டுவன

முதலாவதாக, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு வழங்குவது ஊதியத் தொகுப்புச் சட்டப்படி முதலாளியின் கடமை. வங்கியில் வந்த தொகையையும் சீட்டிலுள்ள தொகையையும் ஒத்துப் பாருங்கள். கூடுதல் என்று தோன்றுவது உண்மையில் பழைய நிலுவையாகவோ, ஓவர்டைம் கூலியாகவோ இருக்கலாம். அப்படியாயின் அது உங்களுடையதே, திருப்ப வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, தெளியும்வரை அப்பணத்தைத் தொடாதீர்கள். சம்பளக் கணக்கிலிருந்து எடுத்துச் சங்கத்துச் சேமிப்புக் கணக்கில் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது. கையோடு கலந்த பணம் கணக்கோடு நில்லாது.

மூன்றாவதாக, எழுத்தில் தெரிவியுங்கள். மேற்பார்வையாளர் காதில் போட்டுவிட்டேன் என்பது பிற்காலத்தில் சாட்சிக்கு நில்லாது. கடிதம் நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. "இம்மாதச் சம்பளமாக என் கணக்கில் இன்ன தொகை வரவாகியுள்ளது. எனக்கு வர வேண்டியது இன்ன தொகை என்று கருதுகிறேன். கணக்கைச் சரிபார்த்து விவரத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மிகையாக இருப்பின், இத்தனை தவணைகளில் சரிசெய்துகொள்ள இசைகிறேன்" என்று நான்கு வரி போதும். தேதியிட்டுப் பணியாளர் பிரிவில் கொடுத்து, நகலில் ஒப்புதல் பெறுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் நகல் காப்பாற்றப்பட வேண்டும்.

நான்காவதாக, திருப்ப வேண்டிய தொகை எது என்பதைக் கேட்டறியுங்கள். மிகைச் சம்பளத்தின்மீது வைப்பு நிதியும் ஈட்டுறுதியும் பிடிக்கப்பட்டிருந்தால், உங்கள் கைக்கு வந்தது முழு மிகையும் அன்று. கைக்கு வராத பணத்தைக் கையிலிருந்து கட்டும்படி நேராதவாறு, அந்தப் பிடித்தங்களையும் முதலாளி சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

ஐந்தாவதாக, கொடுக்கும் இடமறிந்து கொடுங்கள். "நாங்கள் சம்பளப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்களுக்குத் தவறிப் பணம் வந்துவிட்டது, இந்தக் கைப்பேசி எண்ணுக்கு உடனே அனுப்புங்கள்" என்று கூறி ஏமாற்றும் கூட்டம் நாட்டில் பெருகியிருக்கிறது. தனி மனிதரின் எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நிறுவனம் எழுத்தில் கொடுத்த அதன் வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள், அல்லது சம்பளத்தில் கழிக்கச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் கொடுங்கள். ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்வோர், மேஸ்திரி கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வருதல் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும், மிகை என்று பொய்க்கணக்குக் காட்டிப் பிடித்தாலோ, பாதிக்கு மேல் பிடித்தாலோ, 45-ஆவது பிரிவின்படி அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கமும் தொழிலாளிக்காக விண்ணப்பிக்கலாம். சட்டம் இடந்தராத பிடித்தம் என்று வழக்காடும்போது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நீங்கள் முதலில் எழுதிய அந்த நான்கு வரிக் கடிதம் இங்கே உங்களுக்கு வக்கீலாக நிற்கும்.

சங்கமே கூலி கொடுக்கும் இடத்தில்

தொழிற்சாலையைப் பற்றிப் பேசிய நாம், நம் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெசவாளர் சங்கத்தில் கூலி சேலையின் வேலைப்பாட்டுக்குத் தக்கபடி மாறுகிறது. கோர்வைக் கரை வைத்த சேலைக்குக் கூலி அதிகம். சாதாரணக் கரைக்குக் குறைவு. சாதாரணச் சேலைக்குக் கோர்வைக் கூலியைப் பாஸ்புத்தகத்தில் எழுதிவிட்டால், நெசவாளர் அறியாமலே அதைப் பெற்றுச் செலவழித்துவிடக்கூடும். தணிக்கையில் அது வெளிவரும்.

ஆலையில் மிகையாகப் போன பணம் முதலாளியின் நட்டம். சங்கத்தில் மிகையாகப் போன பணமோ அங்கத்தினர் அனைவருடைய நட்டம். அண்டை வீட்டுத் தறியின் போனசிலிருந்து போனது. கவனக்குறைவு வேண்டுமென்றே நேர்ந்தது என்று கண்டால், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 87-ஆவது பிரிவின்படி அத்தொகை நிர்வாகிமீதே தண்டத்தீர்வையாக விதிக்கப்படவும் கூடும். ஆகவே செயலாளர்கள், கூலி விகிதத்தைச் சங்க வாசலில் எல்லோரும் காண எழுதி வைப்பதும், பட்டுவாடாவுக்கு முன் மற்றொருவரைக் கொண்டு கணக்கை ஒத்துப் பார்ப்பதும், மிகை கண்டால் நெசவாளரை வெருட்டாமல் சிறு தவணைகளில் சரிசெய்வதும் நலம். ஆலையில் நம் பிள்ளைகளுக்கு நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை, சங்கத்தில் நம் நெசவாளர்களுக்கு நாமே காட்டக் கடமைப்பட்டவர்கள்.

கூட்டுறவு இயக்கம் கடனை மட்டும் கொடுக்க வந்ததன்று. கணக்கைக் கற்றுக்கொடுக்கவும் வந்தது. வரவையும் பற்றையும் நேரே பார்க்கத் தெரிந்த குடும்பம், குறைந்து வந்தாலும் கூடி வந்தாலும் கலங்காது. சம்பளம் வந்த அன்றே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழக்கத்தை, வருகின்ற மாதத்திலேயே தொடங்குங்கள்.